மூடியில் எழுதிய பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களே, குல்சும் அக்காவின் கணவர் இனாயத் அண்ணன் அவர்களே, ராயப்பேட்டையிலிருந்தும் நொச்சிக்குப்பத்திலிருந்தும் வந்திருக்கும் எங்கள் நோயாளிகளே, வணக்கம். நான் ஜெனிதா, குல்சும் அக்காவின் ஆய்வக உதவியாளர். மைக் முன்னால் நிற்பது எனக்கு இதுவே முதல் தடவை. எழுதி வைத்ததைப் படிக்கிறேன்.

காசநோய்க் கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க இந்தப் பக்கத்தில் வசதியே இல்லாதபோது, ஒரு கிடங்கு அறையை ஆய்வகமாக்கியவர் யார்? ஆய்வக நுட்புநர் குல்சும் அவர்கள்! மின்சாரம் போனால் கிருமி வளராதே என்று இன்குபேட்டரைப் போர்வையால் சுற்றி வைத்தவர் யார்? குல்சும் அவர்கள்!

சளிக்குப் பதில் எச்சிலைத் துப்பிவிட்டுப் போகிறவர்களை அவர் விடமாட்டார். “எச்சி வாணாம் மாமா, நெஞ்சிலேர்ந்து வரட்டும். வூட்ல சண்ட போட சொல்லோ வர்ற சத்தம் இப்ப எங்க போச்சு?” சிரித்துக்கொண்டே இருமுவார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் அவரே இருமினார். அவருடைய சளி டப்பாவிலும் குப்பம்மா அக்காவின் டப்பாவிலும் பெயரை எழுதியது நான். அவசரத்தில் மூடியின் மேல் எழுதிவிட்டேன். இரண்டையும் ஒன்றாகத் திறந்தேன். எந்த மூடி எதற்கு என்று தெரியாமல் போனது.

“மூடிக்காடி காசம், ஜெனிதா? டப்பாக்குள்ள தான கீது!” என்று சொல்லி இரண்டையும் கழித்துவிட்டார். “அந்தம்மாவ மொதல்ல கூப்புடு. நான் இங்கதான கீறேன், அப்பால குடுக்கறேன்.”

குப்பம்மா அக்கா மறுநாளே வந்தார். இன்று சரியான மருந்து சாப்பிட்டு, இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். குல்சும் அக்காவின் ‘அப்பால’ வர ஐந்து வாரம் ஆனது. வழக்கமான மருந்து அவருக்குக் கேட்கவில்லை. வேறு எது கேட்கும் என்று தெரியும் முன்பே, போன வெள்ளிக்கிழமை போய்விட்டார்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று நான் இங்கே சொல்ல வேண்டும். எங்கே தொடர்வது? அவர் இடத்துக்கு ஆள் இல்லை என்று முப்பதாம் தேதி ஆய்வகத்தைப் பூட்டுகிறார்கள். இனி நம் சளி தூரத்து ஆய்வகத்துக்குப் போகும். போகிற வழியிலேயே வெயிலில் பாதி கெட்டுவிடும்.

என்னால் தர முடிந்த உறுதி ஒன்றுதான். பூட்டும்வரை உள்ளே கிருமி வளரும் ஒவ்வொரு பாட்டிலையும் பார்த்து, முடிவை உரியவரிடம் சேர்ப்பேன். உங்கள் பாட்டிலும் அங்கேதான் இருக்கிறது, குல்சும் அக்கா. எந்த மருந்து கேட்டிருக்கும் என்று இன்னும் பத்து நாளில் சொல்லிவிடும்.

பெயரைப் பாட்டிலில்தான் எழுதியிருக்கிறேன். மூடியில் இல்லை.