வெள்ளிக்கிழமை அப்டேட்

— பேசாம அந்தக் கம்பெனிக்காரனோட ஸ்கிரீன் படிக்கிற சாஃப்ட்வேரையே வச்சுக்கோயேன். உங்க ஆஸ்பத்திரியே காசு குடுத்து வாங்கியிருக்குல்ல?

— வாங்கட்டுமே. அதோட அப்டேட் வருஷத்துக்கு ஒருதடவை தீபாவளி மாப்பிள்ளை மாதிரி வந்து உக்காரும். என்ன மாத்தினீங்கன்னு கேட்டா, 'சில மேம்பாடுகள்'. அவ்வளவுதான். போன மாசம் அப்டேட் ஆனதும், போனை டாக்டருக்குத் திருப்புற கீ இடம் மாறிடுச்சு. ஒரு அம்மா, பிள்ளைக்கு மூச்சுத் திணறுதுன்னு அழறாங்க. பழைய கீயை அழுத்தி லைனையே கட் பண்ணிட்டேன் அண்ணா. அவங்க திரும்பக் கூப்பிடவே இல்ல.

— பழைய வெர்ஷனைக் கேட்டியா?

— தரமாட்டாங்களாம். ஸ்கிரீன்ல இருக்கறதை யாராவது படிச்சுச் சொன்னாத்தானே கண்ணு தெரியாத எனக்கு வேலை? நீ எழுதின சாஃப்ட்வேர்னா எதை மாத்தினே, ஏன் மாத்தினே, யாரு சொல்லி மாத்தினேன்னு வரிவரியா எழுதுவே. பிடிக்கலையா, பழசுக்கே போயிக்கலாம். யாரு வேணா புரோகிராமைத் திறந்து பாத்துத் திருத்தலாம்.

— திருத்தலாம். எவன் திருத்தறான்? ஓசின்னா எடுத்துக்க மட்டும் ஊரே வரும்.

— பேச்சை மாத்தாதே. மூணு வெள்ளிக்கிழமையா அப்டேட்டே வரல. கடைசியா வந்ததுல பட்டனுக்கெல்லாம் பேரே இல்ல. 'பட்டன், பட்டன், பட்டன்'னு கிளிப்பிள்ளை மாதிரி கத்துது. எது சேமி, எது அழின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க? பத்து வருஷத்துல நீ பண்ணாத தப்பு.

— பேரு வச்சதாத்தான் நெனச்சேன்.

— நெனச்சியா? பாக்கலையா?

— டீயைக் குடி, ஆறுது.

— கப்புல பாதிதான் இருக்கு, மீதி என் மடியில. வர்றப்போ ஸ்டூல்லயும் இடிச்சுக்கிட்டே. உன் ரூம்தானே இது? என் மேல கோவமா அண்ணா?

— இல்லடா குட்டி. இங்க லைட் எரியுதா இல்லையான்னு கேக்கலாம்னு பாத்தேன். கேக்கறதுக்கு நீதான் கெடைச்சே பாரு எனக்கு.

— என்ன உளர்றே?

— அப்பா கண்ணுக்கு வந்தது. அப்புறம் உனக்கு. என்னை மட்டும் நாப்பது வயசு வரைக்கும் விட்டு வச்சுது.

— ஐயோ... எப்போலேர்ந்து?

— மூணு மாசமா மங்கல். மூணு வாரமா ஒண்ணுமே இல்ல. என் சாஃப்ட்வேர்ல இருக்கற ஒவ்வொரு கீயும் நான் வச்சதுதான். ஆனா ஒருநாள்கூட கண்ணை மூடிக்கிட்டு ஓட்டிப் பாத்ததில்ல. இப்ப அது பேச ஆரம்பிச்சா எங்க இருக்கேன்னே தெரியல, தொலைஞ்சு போயிடறேன். குட்டி... இப்படிப் பக்கத்துல வந்து உக்காந்து, அதை எப்படிக் கேக்கறதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடேன்.