டவர் பாறை மேல பன்னெண்டு ஊடு

இல்லீங்க சார், உங்க போனு தப்புச் சொல்லலீங்க. அது காட்டற எடம் இதேதான், இந்தப் பாறைதான். ஊட்டக் காணோமேன்னு நீங்க சுத்திச் சுத்தி வாரதக் கடைகிட்ட இருந்து பாத்துட்டுத்தான் ஓடியாந்தேன். ஊடு இங்க இல்லீங்க. கீழ பள்ளத்துல இருக்குது, கால் மணி நேரம் எறங்கோணும். நாந்தானுங்க கோகிலவாணி, காலைல உங்ககூடப் போன்ல பேசுனது. மகளிர் குழுவுல எல்லாத்துக்கும் ஊட்டு இன்சூரன்ஸ் போட்டுக் குடுத்த புள்ள. கோகிலான்னே கூப்புடுங்க. முழுப் பேரு சொல்றது இந்த மலைல ரேசன் கடைக்காரரு மட்டுந்தான்.

தண்ணி குடிச்சுட்டு எறங்கலாங்க. மலை ஏறி வந்த எழுபது வளைவும் உங்க மூஞ்சிலயே தெரியுது. வாந்தி எடுத்தீங்களா? அட, அதுக்கு என்னங்க வெக்கம்? இங்கயே பொறந்தவ நானு, நாமக்கல் போயிட்டு வந்தா அன்னிக்குப் பொழுதுக்கும் எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டுத்தான் கெடப்பேன். இடுப்புல இருக்கறது எம் பொண்ணு, அனு. சாருக்கு வணக்கம் சொல்லு கண்ணு. ம்கூம், சொல்ல மாட்டா. உங்க பையத்தான் பாக்கறா, உள்ள பிஸ்கட்டு இருக்குமோன்னு.

இதுக்குப் பேரு டவர் பாறைங்க. டவரெல்லாம் ஒண்ணுங் கெடையாது. எங்க ஊருக்கே சிக்னலு இந்தப் பாறை மேல மட்டுந்தான், அதுனால அந்தப் பேரு. பொழுதோட வந்து பாருங்க, சந்தை மாதிரி இருக்கும். எங்க ஊட்டுக்காரரு தமிழ்செல்வன் போர் போடற ரிக்கு வண்டில வடக்க போயிருக்காரு. அவருகூடச் சண்ட போடோணும்னாக்கூட நான் இங்க வந்துதான் போடோணும். ஊரே கேக்கும். நான் எங்கயாச்சும் தடுமாறுனா பக்கத்துல ஒக்காந்திருக்கறவங்க எடுத்துக் குடுப்பாங்க.

சிரிங்க, சிரிங்க. இனிமே சொல்லப்போறது அப்பிடி ஒண்ணும் சிரிப்பா இருக்காது.

உங்க கம்பெனி மேப்புல இந்தப் பாறை மேல எத்தன ஊடு காட்டுது? பன்னெண்டு. ஆமாங்க, எங்க குழுவுல பன்னெண்டு பேரு. பன்னெண்டு ஊடும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்ச மாதிரி இங்கயே நிக்குதில்ல? அது நாஞ் செஞ்ச வேலைங்க.

எப்பிடீன்னா, ட்ரெய்னிங்ல சொன்னாங்க, ஊட்ட நாலு பக்கமும் போட்டோ எடு, கேள்விக்கெல்லாம் பதில் போடு, அனுப்புன்னு. எங்க நின்னு அனுப்பறமோ அந்த எடத்தத்தான் ஊட்டோட எடமா அந்த ஆப்பு எடுத்துக்கும். அதுனால ஊட்டு வாசல்ல நின்னுதான் அனுப்போணும்னாங்க. சொன்னவங்க கீழ ஏசி ரூம்புல இருந்தாங்க. எங்க ஊட்டு வாசல்ல போன்ல மணி மட்டுந்தான் பாக்கலாம். சரி, போட்டோ ஊட்டுல, அனுப்பறது பாறைல. ரேசனுக்குக் கைரேக வெக்கற மெசினயே இங்க தூக்கியாந்து வெச்சுத்தான் அரிசி வாங்கறோம். நல்லது கெட்டது எதுன்னாலும் இந்தப் பாறைல இருந்துதான் போகும். எங்களுக்கு அது பழக்கமாப் போச்சு.

பாறை மேல நின்னா உங்க மேப்புக்கு என்னங்க தெரியும்? கெட்டிப் பாறை, மேல மண்ணு இல்ல, பக்கத்துல ஓடை இல்ல. பாலிசி குடுக்கலாமா வேண்டாமான்னு ஆபீஸ்ல ஒக்காந்து பாக்கறவங்களுக்கு இத விட நல்ல ஊடு எங்க கெடைக்கும்? பன்னெண்டுக்கும் பச்ச விழுந்துருச்சு.

இந்த சில்வர் ஓக்கு மரத்தப் புடிச்சு எறங்குங்க. மொளகுக் கொடிய இழுத்துறாதீங்க. அப்பிடித்தான்.

அன்னிக்குப் பேஞ்சது மழையே இல்லீங்க சார். எங்களுக்கா மழ தெரியாது? மாசக் கணக்குல நசநசன்னு தூறும், துணி காயாது, வெறகு பத்தாது, அந்த மழையோடதான் வளந்தோம். இது அத்தனையும் மூணு நாள்ல கொட்டுச்சு. மூணாவது நாளு, வெள்ளிக்கெழம, பொழுது சாய மண்ணு வந்துருச்சு. சத்தங்கூடப் பெருசா இல்லீங்களாம். நெல்லு மூட்டைய எறக்கி வெச்ச மாதிரி தொம்முன்னு ஒண்ணு, அவ்வளவுதான்.

இதாங்க பொன்னாயி அக்கா ஊடு. முன்னாடி பாத்தா ஒண்ணுமே ஆகாத மாதிரிதான் இருக்கும். வாசப்படில மஞ்சக்கூட இன்னும் போகல பாருங்க. பொடக்காளிப் பக்கமா வாங்க, பின்னாடி போயிப் பாத்தாத்தான் தெரியும். சமையக்கட்டு, பின்ரூம்பு ரெண்டும் போச்சு. ஊட்டுக்குள்ள இடுப்பளவு மண்ணு. கருப்பண்ணன் அண்ணன், அக்கா ஊட்டுக்காரரு, முன்ரூம்புல டிவி பாத்துக்கிட்டு இருந்திருக்காரு, ஒரு கீறல் இல்ல. அக்காவுக்குத்தான் இடுப்பெலும்பும் வலது தொடையும் முறிஞ்சு போச்சு. சேலத்துல பெரியாஸ்பத்திரில கெடக்குது. அண்ணன் கூட இருக்காரு. போட்டோ எடுத்துக்கங்க சார், நான் ஓரமா நிக்கறேன். அனு, மண்ணுல எறங்காத சாமி.

ஊட்டுக்குப் பின்னாடி நிக்கற இந்த மண்ணுக் கரையக் கேக்கறீங்களா? ஆமாங்க, வெட்டுனதுதான். ரெண்டாள் ஒசரம். மலைல சமதளம் ஏதுங்க? ஜேசிபிய உட்டு மேட்ட வெட்டித்தான் எடம் பண்ணோணும். மூணு வருசம் ஆச்சு. உங்க பாரத்துல ஒரு கேள்வி இருக்குது, கடந்த இருவது வருசத்துல இங்க மண்ணு சரிஞ்சிருக்கான்னு. இல்லன்னு போட்டேன். அது பொய்யில்லீங்க. கரைய வெட்டறதுக்கு முன்னாடி இங்க ஊடே இல்ல, பலா மரமும் புல்லுந்தான். வேரோட நின்ன மண்ணு எதுக்குச் சரியப்போகுது? எப்ப வெட்டுனீங்கன்னு கேக்கறதுக்கு அதுல எடமே இல்ல. மழையும் புதுசு, கரையும் புதுசு. கேள்வி மட்டும் பழசு.

நாயமாத்தான் பேசறேன்னு சொல்லாதீங்க சார். நாயமாப் பேசறதுக்கு எனக்கு நல்லாவே வரும்.

பாறை சமாச்சாரத்த எப்பிடி எழுதுவீங்க? சிக்னல் இல்லாததுனால எடம் மாறிப் போச்சு, தெரியாமச் செஞ்சதுன்னா? அப்பிடி எழுதுனா அக்காவுக்குப் பணம் வருமுங்களா? வரும்... ஆனா? என்னங்க ஆனா? என்ன காகிதம் அது? காட்டுங்க.

ஓ. இதுவும் பதிவாயிருக்குதுங்களா. அழிஞ்சு போயிருக்கும்னு நெனச்சேன்.

போன மாசி மாசம். ஆமாங்க. பாறைல இருந்து இல்ல, இதே பள்ளத்துல இருந்து ஒரு ஊட்டுக்கு அனுப்பியிருக்குது. செவப்பு விழுந்திருக்குது. சரிவுல இருக்கற ஊடு, ஆபத்து, ஆள் வந்து நேர்ல பாக்காமப் பாலிசி குடுக்க முடியாதுன்னு. ரெண்டு மாசம் கழிச்சுப் பாறைல இருந்து அனுப்பி, பச்ச. அதுல பேரு இல்ல, ஆனா அந்தப் புள்ளி இந்த ஊட்டுக்கிட்டதான் விழுகுதுன்னு நீங்க சொல்றதும் புரியுது. பொன்னாயி அக்கா மொதல்லயே செவப்பப் பாத்துட்டு, அப்பறம் எடத்த மாத்தி ஏமாத்திப்போட்டாங்கன்னு உங்க ஆபீஸ்ல நெனைக்கறாங்க. அப்பிடித்தானே?

அய்யோ, இல்லீங்க சார். அந்தம்மாவுக்கு போனு எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாது. நான் காட்டுன எடத்துல பெருவிரல வெச்சுது, அவ்வளவுதான். அத எழுதிக்கங்க. அந்தச் செவப்பு அக்கா ஊட்டுக்கு இல்லீங்க. இந்தா, இந்தப் பக்கத்து ஊட்டுக்கு. ஒரே கரை, ஒரே ஜேசிபி, ஒரே நாள்ல வெட்டுனது. எங்க ஊடுங்க.

ட்ரெய்னிங் முடிஞ்சு வந்த புதுசு. மொத ஊடு நம்ம ஊடா இருக்கட்டும்னு, பொடக்காளில ஆட்டாங்கல்லு மேல ஏறி நின்னு போன ஒசத்திப் புடிச்சேன். ஒரே ஒரு கோடு சிக்னலு வந்துச்சு. அனுப்பிட்டேன். அப்பத்தான் செவப்பு. ஆள் வருவாங்கன்னு ரெண்டு மாசம் பாத்தேன். யாரும் வல்ல. அந்த எழுபது வளைவு ஏறி யாருங்க வருவாங்க, நீங்களே இடிஞ்ச பொறவுதான வந்திருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க. குழுவுல வேற, எங்க ஊட்ட எப்ப அனுப்பற கோகிலான்னு பதினோரு பேரும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்பறம் ஒரு நாளு பாறைல இருந்து எங்க ஊட்டயே திருப்பி அனுப்பிப் பாத்தேன். பச்ச விழுந்துச்சு. சரி, இதுதான் வழின்னு எல்லாத்தையும் அங்க இருந்தே அனுப்பிச்சேன். தெரியாமச் செஞ்சதில்லீங்க சார். தெரிஞ்சேதான்.

அக்காகிட்டச் சொன்னியான்னா... சொல்லலீங்க.

எப்பிடீங்க சொல்றது? மூணு வருசம் முன்னாடி இதே ஊட்டுக்குப் பால் காய்ச்சுனப்ப சொம்பப் புடிச்சது நானு. குடியிருக்கற ஊட்டப் பாத்து விழுந்துருமாம்னு ஒரு வாய் சொல்லலாமா? எங்க மலைல அப்பிடிச் சொன்னவ ஊட்டுல பச்சத்தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. இதத்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இப்ப உங்ககிட்டச் சொல்றப்ப எவ்வளவு சப்பையா இருக்குது பாருங்க. மெசினு கெடக்குது, அதுக்கு என்ன தெரியும்னும் சொல்லிக்கிட்டேன்.

நம்பலையா? நான் அந்தச் செவப்ப நம்பலையான்னா கேக்கறீங்க?

நம்புனேங்க.

அனுவ எறக்கி உட்டர்றேன், கை வலிக்குது. போ கண்ணு, அங்க வாசல்ல போயி வெளையாடு.

ஆவணி மாசமே செம்மேட்டுல வாடகைக்குப் போயிட்டேங்க. மழைக்கு முன்னாடியே. பாப்பாவுக்கு அங்க பால்வாடி பக்கம்னு அக்காகிட்டச் சொன்னேன். அதுவே வந்து சாமானெல்லாம் தல மேல வெச்சுத் தூக்கியாந்து ஜீப்புல ஏத்தி உட்டுச்சு. ஒரு மூட்ட குச்சிக்கெழங்கும் கட்டிக் குடுத்துச்சு. புள்ள படிக்கறதுக்குன்னா போயித்தாண்டி ஆவோணும்னுச்சு. இப்பக்கூட ஆஸ்பத்திரில என்ன சொல்லுது தெரியுமுங்களா? நல்லவேள நீயும் புள்ளயும் அங்க இல்லடி, தெய்வந்தான் உன்னைய முன்னாடியே கெளப்பி உட்டுருக்குதுன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவுது. நான் தலைய ஆட்டிட்டு ஒக்காந்திருந்தேன்.

எங்க ஊடும் மண்ணுல போச்சு, ஆனா அதுக்கு க்ளைம் போடலீங்க. போட மாட்டேன். மத்த பத்து ஊட்டயும் நானே கூட வந்து காட்டறேன், எது செவப்போ செவப்புன்னே போடுங்க. அக்காவோடது மட்டும் தள்ளிப்போடாதீங்க. அது பேர்ல ஒரு தப்பும் இல்ல. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்.

என்னங்க? அக்கா சமையக்கட்டுல எந்த எடத்துல கெடந்துச்சுன்னா? நீங்க அந்தப் பக்கம் ஏன் அளக்கறீங்க? அக்கா அவங்க சமையக்கட்டுல இல்லீங்க சார். அவங்க ஊட்டுல இருந்திருந்தா அண்ணன்கூட முன்ரூம்புல டிவிதான் பாத்துக்கிட்டு இருந்திருக்கும். இப்பிடி வாங்க, இந்தப் பக்கம். எங்க ஊட்டுக்குள்ளதான். அந்தா, சாமி மாடம் இருந்த மூலைல. பூட்டிக் கெடக்கற ஊடு இருட்டா இருக்கக் கூடாது, வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம ஒரு வெளக்கு மட்டும் ஏத்தி வெய்யிக்கான்னு சாவிய அது கையில குடுத்துட்டுப் போனது நாந்தானுங்க.