கோடு போடாத போல்ட்

நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஆடுகிறது, சார். பின்னங்காலில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தால் முடுக்கிவிடுவேன். வேண்டாமென்றால் விடுங்கள், கேட்காத வேலையில் நான் கை வைப்பதில்லை.

மாப்பிள்ளையின் சைக்கிளைப் பற்றித்தானே கேட்டீர்கள், சொல்கிறேன். அவர் என் தங்கையின் கணவர். மலைப்பாதையில் சைக்கிள் விடுவதில் அப்படியொரு பைத்தியம். அந்த வகை சைக்கிளில் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்குள் காற்றும் எண்ணெயும் இருக்கும். மேடு பள்ளத்தில் அமுங்கி எழும். எவ்வளவு வேகமாக எழ வேண்டும் என்பதை ஃபோர்க்கின் வலது காலின் அடியில் உள்ள சின்னச் சிவப்புத் திருகி முடிவு செய்யும். அட்ஜஸ்டர் என்போம். மாப்பிள்ளை சேற்றில் புரட்டி எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவார். தண்ணீர் உள்ளே போய் அது இறுகிவிட்டது. பொறுமை இருந்தால் என்னிடம் வந்திருப்பார். கட்டிங் பிளேயரால் நெரித்ததில் திருகியின் பல்லெல்லாம் போனது. அப்புறம் என் சைக்கிள் கடைக்கு வந்து நாலு பேர் முன்னால், "மச்சான், போன தடவை சர்வீஸ் பண்ணப்பவே நீங்க இத கெடுத்துட்டீங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துக்கொண்டே, "விடுங்க மாப்பிள்ளை, பாத்துக்கலாம்" என்றேன்.

"வேற எதையும் நோண்டாதீங்க. அட்ஜஸ்டர் திரும்பினா போதும்."

இது அவர் வாயிலிருந்தே வந்தது. கடையில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். வெளியூரில் வேலை கிடைத்துவிட்டதாம், மழைக்காலத்துக்கு முன்னால் குடிபோகிறார்களாம். என் தங்கை பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவதுபோல் நடிக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. அவளை வளர்த்தவன் நான். அப்பா அம்மா போனபின் அவள் வளர்ந்ததே அந்தக் கடையில்தான். நான் ஒரு போல்ட்டை முடுக்கியதும் அவள் தன் நெயில் பாலிஷால் அதன்மேல் ஒரு கோடு இழுப்பாள். கோடு இருந்தால் முடுக்கியாயிற்று, இல்லையென்றால் இல்லை. அவள் கல்யாணமாகிப் போனபின்னும் நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தீர்ந்தால் அவளே புதுப் பாட்டில் கொண்டுவந்து வைப்பாள். இந்த முறை கத்திரிப்பூ நிறம்.

சரி, வேலைக்கு வருவோம். இறுகிப்போனதை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று திருப்பக் கூடாது. முதலில் காற்றை வெளியே விட்டேன். திருகியைக் கழற்றி, இரண்டு கால்களின் அடியிலும் உள்ள போல்ட்டுகளை எடுத்து, ஃபோர்க்கின் கீழ்ப்பாதியை உருவினேன். எண்ணெய் சாக்கடையாக வந்தது. உள்தண்டின் துளையில் சேறு காய்ந்து கல்லாகியிருந்தது. துருநீக்கி விட்டு ஊறவைத்தேன். பிறகு ஆலன் கீயை ஒரு மயிரளவு இப்படி, ஒரு மயிரளவு அப்படி. மல்லுக்கட்டவே இல்லை. சாயங்கால வெயில் பெஞ்சுக்கு வந்தபோது அது மெல்ல அசைந்து கொடுத்தது. புதுத் திருகியை வைத்துப் பார்த்தேன். விரல் பட்டாலே கிளிக் கிளிக்கென்று திரும்பியது. அவ்வளவு சுத்தமான வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை. பெருமையாக இருந்தது.

கீழ்ப்பாதியை மறுபடி ஏற்றி, புது எண்ணெய் ஊற்றி, காற்றும் அடித்தேன். ஹேண்டில், பிரேக், சக்கரத்தின் அச்சு எல்லாவற்றையும் முடுக்கிக் கோடு போட்டேன். அடியிலிருந்த போல்ட்டுகளை மட்டும் விரலால் லேசாகச் சுற்றி விட்டுவிட்டேன். கீழ்ப்பாதியைச் சக்கரத்தோடு பிடித்துவைத்திருப்பது அவைதான். முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பும்வரை வித்தியாசம் தெரியாது.

ஆனால் அவற்றில் நான் கோடு போடவில்லை, சார். இதைக் கவனியுங்கள். முடுக்காத போல்ட்டில் கோடு போடுவது பொய், நான் பொய்க்காரன் இல்லை. வலது போல்ட்டைத் திருகி மறைத்துவிடும். இடது போல்ட் பார்த்தாலே தெரியும்.

வண்டியை எடுக்க அவள்தான் வந்தாள். "சரியாயிடுச்சாண்ணா?" என்றாள்.

"அட்ஜஸ்டர் வெண்ணெய் மாதிரி திரும்புது" என்றேன்.

அதில் ஒரு எழுத்துப் பொய் உண்டா? சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தே வைத்திருந்தேன், அந்த இடது போல்ட் அவள் கண்ணுக்கு நேராக இருக்கும்படி. அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடுக்கியிருப்பேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. சைக்கிளை நிமிர்த்தி, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அப்படியென்றால் அவளுக்கும் அவர் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? வாய்விட்டுச் சொல்ல முடியாததை அண்ணன்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

மறுநாள் காலை பாறை மேட்டில் மாப்பிள்ளை முன்சக்கரத்தைத் தூக்கியிருக்கிறார். சக்கரம் தனியே போய்விட்டது. கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இறுகிப்போவது என்றால் என்னவென்று இப்போது அவருக்குத் தெரிந்திருக்கும். வெளியூர்ப் பேச்சும் அத்தோடு நின்றது.

அந்த ஃபோர்க்கை ஸ்டேஷனில் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது அவள்தான் என்று எனக்குத் தெரியும். கோபமில்லை. இந்த ஊரில் வேறு யாருக்கு அந்தக் கோட்டுக் கணக்கு தெரிந்திருக்கும்? அதற்கு முன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் வந்து நின்றாள். "இடது போல்ட்ல கோடு எங்கண்ணா?" என்றாள்.

"உன் கண்ணு முன்னாடிதான வெச்சேன். நீ ஏன் அப்பவே பாக்கல?"



"நீ முடுக்கின வண்டிய நான் எதுக்குண்ணா பாக்கணும்?" என்றாள்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார். பார்க்காமல் போனது அவள் தப்பு. என்னிடம் கேட்ட வேலையை நான் குறையில்லாமல் செய்து கொடுத்தேன். ஃபோர்க் உங்கள் மேசைமேல்தானே கிடக்கிறது. அட்ஜஸ்டரைத் திருப்பிப் பாருங்கள்.