படம் அறுகிற இடம்

கோடு போட்ட தாள் கொடுத்ததற்கு நன்றி, ஐயா. கோடில்லாத தாளில் என் எழுத்து போகப்போக மேலே ஏறிவிடும். பீடோங் பள்ளியில் அதற்காகக் கையில் அடி வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததை வாயால் சொன்னால் முன்பின்னாக வருகிறது. எழுதினால் ஒழுங்காக வரும்.

என் பெயர் இஞ்ஞாசிமுத்து. எழுபதுகள் முழுக்க ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டியவன். பினாங்குக் கம்பெனி ஒன்றின் வேன், ஒரு புரொஜெக்டர், ஒரு ஜெனரேட்டர், உதவிக்கு மோரிஸ். பீடோங் பக்கத்திலிருந்து கரங்கான் வரை போவோம். சம்பளம் போட்ட வாரம் தோட்டத் திடலில், கால்பந்துக் கோல் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டுவோம். துணி கட்டுவதும் படப்பெட்டி தூக்குவதும் மோரிஸின் வேலை. சனங்கள் பாயோடு வந்து உட்காருவார்கள். எல்லாருக்கும் பின்னால் நான். எனக்கும் பின்னால், தூரத்தில், ஜெனரேட்டர்.

படம் காட்டுகிறவன் பார்ப்பது முதுகுகளைத்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படம் முடிந்ததும் துணியை அவிழ்த்து, வேனில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவோம். ஆனால் படம் அறுந்தால் திடல் முழுக்க ஒரே சமயத்தில் திரும்பும். சீழ்க்கை, கூச்சல், சிரிப்பு. பால்மரம் வெட்டும் பாப்பம்மா ஒரு தோட்டத்தில் இருந்தாள். அங்கே முதல் குரல் அவளுடையதுதான்.

“ஏய் படக்காரா, தூங்கிட்டியா? அவன் அங்க கத்திய ஓங்கிட்டு நிக்கிறான், கை வலிக்கும்டா!”

“கொஞ்சம் பொறுங்கக்கா, படம் அறுந்துபோச்சு.”

“ஒட்டுறதுக்குச் சோறு வேணுமா? வீட்டுல மிச்சம் கெடக்கு, வந்து அள்ளிக்க!”

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அத்தனை முகங்களும் என் விளக்கு வெளிச்சத்தில் தெரியும். முதலில் படம் தானாகத்தான் அறுந்தது. பிறகு, சண்டை உச்சத்துக்கு வரும் இடமாகப் பார்த்து, சுருளின் ஓரத்தை முன்னதாகவே நகத்தால் கிழித்துவைப்பேன். கம்பெனிக்குத் தெரியாது. மோரிஸுக்குத் தெரியும், யாரிடமும் அவன் சொல்லவில்லை. மோரிஸ் நல்லவன். அதையும் எழுதிவிட வேண்டும்.

எண்பதுக்குப் பிறகு வீடியோ வந்தது. பீடோங்கில் மளிகைக்கடையிலும் தையற்கடையிலும்கூட கேசட் வாடகைக்குக் கிடைத்தது. திடலில் பாய்கள் குறைந்தன. கடைசியாக ஒரு மாதம் வழக்கமான இடத்தில் படம் அறுந்தபோது, இருந்தவர்கள் திரும்பாமலே பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனி வேனை விற்றது. பழைய ஜெனரேட்டரை மோரிஸ் வாங்கிக்கொண்டான். பாப்பம்மாவின் தோட்டத்தில், தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை ஒன்று மூடிக் கிடந்தது. அங்கே ஒரு டிவியையும் வீடியோப் பெட்டியையும் வைத்து ஞாயிறு மத்தியானங்களில் படம் போடத் தொடங்கினான். பகலில் தோட்டத்தில் கரண்ட் கிடையாது, அந்த ஜெனரேட்டர் இஞ்சின்தான் ஓட வேண்டும்.

நான் பீடோங்கில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்திருந்தேன். சில்லறை கொடுக்கும்போது கடைக்காரர் மலாயில் நன்றியாகச் சொல்லும் ‘தெரிமா காசே’ தவிர வேறு பேச்சே கேட்காத நாட்கள் உண்டு. அப்போதுதான் மோரிஸ் மோட்டார் சைக்கிளில் வந்தான்.

“அண்ணே, சும்மா உக்காந்து என்ன செய்றீங்க? அந்த இஞ்சின் உங்க கைக்குத்தான் அடங்குது. வந்து பாத்துக்குங்கலா.”

“படம் யாரு போடுறது?”

“அது ஒரு பட்டன்தானேண்ணே. யாரும் போடலாம்.”

என்னை அவமானப்படுத்த அவன் அதைச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னான்.

காசு கொடுக்காதவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார்கள் என்று ஜன்னல்களுக்கெல்லாம் சாக்கு அடித்து, இடுக்குகளில் துணி திணித்திருந்தான். சாக்கு அடித்தது நானல்ல. அது வாக்குமூலத்தில் இருக்கட்டும். ஞாயிறுதோறும் உள்ளே சிரிப்பார்கள். நான் வெளியே மரத்தடியில் இஞ்சினோடு உட்கார்ந்திருப்பேன். இப்போது முதுகுகள்கூட இல்லை.

போன ஞாயிறு நல்ல மழை. கொட்டகைக்குப் பின்னால், முன்பு குழந்தைகளுக்குப் பால் காய்ச்சிய சின்ன அறை இருக்கிறது. அதற்கும் கொட்டகைக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. ஓடிக்கொண்டிருந்த இஞ்சினை அந்த அறைக்குள் தள்ளி, வெளிக்கதவைச் சாத்தினேன். மழை இஞ்சினுக்கு ஆகாது.

மோரிஸ் வாசலில் தலையை நீட்டினான். “என்னண்ணே, சத்தம் பெருசா கேக்குது?”

“தகரத்துல மழைடா.”

“சரி, டிவிய கூட்டி வைக்கிறேன். நனையாதீங்கண்ணே, காய்ச்சல் வந்துரும்.” தன் குடையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கரங்கானில் ஒருமுறை மழைக்காக இதே இஞ்சினை ஒரு தகரக் கொட்டகைக்குள் ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அங்கே படுத்திருந்த நாய் பிறகு எழுந்திருக்கவில்லை. நான் வெளியே தவழ்ந்து வந்து வாந்தி எடுத்துப் பிழைத்தேன். நாயைப் புதைத்தது மோரிஸ்தான். என்ன ஆச்சு என்று கேட்டான். கிழட்டு நாய் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே அடைத்த இடத்தில் இஞ்சின் புகை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் நினைத்தது வேறு. தலை சுற்றும், எழுந்து வெளியே வருவார்கள், வீடியோ உடம்புக்கு ஆகாது, திடலில் பார்த்ததுதான் நல்லது என்பார்கள். அப்போது வாசலில் நான் நிற்பேன். இவ்வளவுதான் நினைத்தேன்.

குடைக்குக் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அது நான் திடலில் பல தடவை காட்டிய படம். வசனத்தை வைத்தே எந்தச் சுருள் என்று சொல்லிவிடுவேன். முதல் பாட்டுக்குப் பாப்பம்மா ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் சுருளில் யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை அழுதது, பிறகு நின்றது. மூன்றாம் சுருளில் நகைச்சுவைக் கட்டம் வரும், யாரும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கறிச்சோறு தின்றுவிட்டு வந்தவர்கள், கண் அசந்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அப்போதே கதவைத் திறந்திருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். படம் ஓடும்போது கதவைத் திறந்தால் வெளிச்சம் விழும், ஐயா. அது தொழிலுக்கு அழகல்ல.

சண்டை வந்தது. நான் எப்போதும் அறுக்கிற இடம். துண்டை மழையில் நனைத்து மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டு, பால் அறைக்குள் போய் இஞ்சினை நிறுத்தினேன். வசனம் பாதியில் நின்றது. மழைச் சத்தம் மட்டும் இருந்தது. கூச்சல் வரட்டும் என்று காத்திருந்தேன். வேண்டிய நேரம் கொடுத்தேன். பிறகு முன்வாசலுக்கு வந்து, துண்டை அவிழ்த்துவிட்டு, கதவைத் திறந்தேன்.

“கொஞ்சம் பொறுங்க, படம் அறுந்துபோச்சு.”

வாசல் வெளிச்சம் முதுகுகள் மேல் விழுந்தது. பாப்பம்மா மோரிஸின் தோளில் சாய்ந்திருந்தாள். கேட்கவில்லையோ என்று சற்று உரக்க இன்னொருமுறை சொன்னேன்.

அத்தனை வருடம் அவர்களுக்குப் படம் காட்டியவன் நான். ஒருவர்கூடத் திரும்பவில்லை. அவர்கள்மேல் எனக்கு அந்த வருத்தம் இருக்கிறது, ஐயா, மறைக்கமாட்டேன்.