ஆளுக்குப் பாதி பாஸ்வேர்ட்

ரகுபதி: ...அதான் சொல்றேன், பாம்பே கம்பெனி வேணாம்.

குழலி: போன வாரம் சிறுசேரி கம்பெனி வேணாம்னீங்க.

ரகுபதி: அதுவும் வேணாம்.

குழலி: அப்ப மேனேஜர் ஜகந்நாதன் சார்கிட்ட இன்னான்னு சொல்றது? இந்த ரூம்ல கிடக்கிற டேட்டாபேஸை எந்த கிளவுட் கம்பெனில வைக்கிறதுன்னு மூணு மணிக்குள்ள பேர் வேணுமாம். ஸ்டோர்ஸ்ல நீங்க, குவாலிட்டில நான்... ரெண்டு பேரும் ஒரே பேரா சொல்லணுமாம்.

ரகுபதி: மூணு வாரமா அதானே பார்த்துக்கினு இருக்கோம்.

குழலி: குறைதான் பார்த்துக்கினு இருக்கோம்.

ரகுபதி: மொதல்ல இன்னிக்கு பேக்கப்பை எடுத்துடலாம். எனக்கு ஷிஃப்ட் முடியுது, உங்களுக்கு ஆரம்பிக்குது. என் பாதியை அடிக்கிறேன்... திரும்பிக்கோங்க.

குழலி: திரும்பிட்டேன்.

ரகுபதி: ஆச்சு. உங்க பாதி.

குழலி: நீங்களும் அந்தப் பக்கம் திரும்புங்க சார்.

ரகுபதி: உத்தரவு, ஏலவார்குழலி மேடம்.

குழலி: கிண்டலா? யாரோ ஒருத்தர் தனியா வந்து ரிப்போர்ட்டை மாத்தினதாலதான் பாஸ்வேர்டை உடைச்சு ஆளுக்குப் பாதி குடுத்தாங்க. நானா கேட்டேன்? ...ம், காப்பி ஆவுது. பத்து நிமிஷம்.

ரகுபதி: சிறுசேரிக்காரன் மழைல மாட்டிக்கினா? செம்பரம்பாக்கம் ஏரில தண்ணி திறந்துட்டாங்கன்னா...

குழலி: அந்தத் தண்ணி ஏன் சிறுசேரிக்குப் போவுது? அப்படியே போனாலும் ஐதராபாத்துல இன்னொரு காப்பி இருக்காம். கேட்டுட்டேன்.

ரகுபதி: எப்ப கேட்டீங்க?

குழலி: அது... போன வாரம்.

ரகுபதி: எங்கிட்ட சொல்லவே இல்ல.

குழலி: நீங்க மட்டும்? பாம்பேல ஒரு நாளைக்கு ஒரு காப்பிதான், சிறுசேரில அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு மொத வாரமே மெயில் வந்துச்சு. உங்க பேருக்குத்தான் வந்துச்சு.

ரகுபதி: பார்த்தேன்... போன் பண்ணா சிறுசேரில எடுப்பாங்களான்னு...

குழலி: எடுத்தாங்க. ரெண்டாவது ரிங்லயே. ஒரு பொண்ணு, தமிழ்லயே பேசுச்சு.

ரகுபதி: அதையும் சொல்லல.

குழலி: ஆமா, சொல்லல. ரகு, போன வியாழக்கிழமை இந்த மெஷின் படுத்துச்சே. உங்க ஸ்டோர்ஸ் பாண்டிச்செல்வி அக்கா எத்தனை பெட்டி பார்த்தாங்க தெரியுமா?

ரகுபதி: ஆயிரத்து இருநூறு. ஒவ்வொரு பிரேக் ஹோஸ் பெட்டியா திறந்து லேபிளைப் பார்த்து எழுதினாங்க. நானும் கூட நின்னேன்.

குழலி: புதன்கிழமை ரெண்டு மணிக்கு நாம எடுத்ததுதான் இருந்துச்சு. அதுக்கு அப்புறம் நடந்ததெல்லாம் போச்சு. அக்காவால போவ முடியாம, அவங்க பொண்ணு ஸ்கூல் வாசல்ல வாட்ச்மேன்கூட ஒக்காந்துக்கினு இருந்துச்சாம்.

ரகுபதி: அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணாம, இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்னு சார்கிட்ட சொன்னது நான்தான்.

குழலி: நான் வேணாம்னா சொன்னேன்? தலையாட்டினேன். அதுலேர்ந்து அக்கா மூஞ்சியைப் பார்க்கவே வெக்கமா இருக்கு.

ரகுபதி: சிறுசேரியே இருக்கட்டும்.

குழலி: சாருக்கு மெசேஜ் போட்டுடவா?

ரகுபதி: போடுங்க... ஒரு நிமிஷம் இருங்க.

குழலி: இன்னா?

ரகுபதி: அது வந்துட்டா பேக்கப்பு தானா ஆயிடும். ரெண்டு மணிக்கு இந்த ரூமுக்கு யாரும் வர வேணாம். நீங்க நேரா குவாலிட்டிக்கு, நான் நேரா வடக்குப்பட்டு பஸ்ஸுக்கு. ஒரே கம்பெனில இருந்தும் பார்க்க முடியாது.

குழலி: அதுக்குத்தானே ரெண்டு பேரும் மூணு வாரமா குறை கண்டுபிடிச்சுக்கினு இருந்தோம்.

ரகுபதி: ...ரெண்டு பேருமா?

குழலி: மெசேஜ் போட்டுட்டேன். சார் பார்த்துட்டார். சரின்னு சொல்லிட்டார்.

ரகுபதி: அவ்ளோதானா...

குழலி: அவ்ளோதான். மெஷின்லயும் காப்பி முடிஞ்சிடுச்சு.

ரகுபதி: அப்ப ஒரு தப்பை ஒத்துக்கிறேன். திட்டாதீங்க.

குழலி: சொல்லுங்க.

ரகுபதி: உங்க பாதி பாஸ்வேர்ட் எனக்குப் பொங்கல்லேர்ந்தே தெரியும். நீங்க அடிக்கிறது அந்த ஜன்னல் கண்ணாடில தெரியுது. நான் ஒருத்தனே பேக்கப் எடுத்திருக்கலாம். நீங்க இல்லாம முடியாதுன்னு தினமும் உங்களை வர வெச்சேன்...

குழலி: பொங்கல் லீவுக்கு நான் காஞ்சிபுரத்துல இருந்த மூணு நாளும் இங்க பேக்கப் ஆயிருந்துச்சு. வந்த அன்னிக்கே மெஷின்ல பார்த்துட்டேன் ரகு. அன்னிக்கே என் பாதியை மாத்தியிருக்கணும். மாத்தாம, மறுநாள்லேர்ந்து ஒரு பஸ் முன்னாடியே ஏறி வந்துக்கினு இருக்கேன்.