கத்திரிக்காய் விரலில் மெட்டி

"நாளன்னைக்குக் கல்யாணம். பொண்ணோட கால்விரல் கத்திரிக்காயாட்டமா வீங்கியிருக்கு. மெட்டி ஏறுமோ?"

வலியசாலையில் பஸ் ஏறிய அம்மாள், பக்கத்தில் உட்கார்ந்த நாத்தனாரிடம் கேட்டார். பின் இருக்கையில் இருந்த நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"எதுல இடிச்சுண்டா, மன்னி?"

"அம்மியிலதான். மண்டபத்துக்கு எடுத்துண்டு போக மறந்துடப்படாதேன்னு நானாக்கும் வாசப்படியில கொண்டு வெச்சேன்."

"நன்னாயிருக்கு! மாப்பிள்ளை காலைப் பிடிச்சு வெக்கறதுக்குள்ள இவளே மிதிச்சுட்டாளா? விரலை அசைக்கறாளோ?"

"அசைக்கறா. கோணலும் இல்லை. சூடா எண்ணெய் தடவி, நன்னா பிடிச்சு இழுத்துவிட்டேன்."

"ஐயோ, இழுக்கவே படாது! தேய்க்கவும் வேண்டாம். ஐஸைத் துணியில சுத்திக் கொஞ்ச நேரம் வெச்சு எடுங்கோ. காலைத் தலகாணி மேல தூக்கி வெச்சுக்கட்டும். நடுவில பஞ்சு வெச்சுப் பக்கத்து விரலோட சேர்த்து, இறுக்காம கட்டுங்கோ. மரத்துப்போனா உடனே டாக்டர்ட்ட போயிடணும், கேட்டேளா?"

"மெட்டி போடறச்சே வலிச்சா?"

"மாப்பிள்ளையாத்துல முன்கூட்டியே சொல்லிடுங்கோ. மெதுவாப் போடுவார்."

"அதையாக்கும் அவ சொல்லப்படாதுங்கறா. 'சொல்லாம இருந்தா எப்படிப் பிடிக்கறார்னு எனக்குத் தெரியணும்'ங்கறா."

அதற்குள் நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போயிருந்தது. திரும்பி நடக்கையில், எங்கள் கல்யாணத்தன்று நான் காலை எப்படிப் பிடித்தேன் என்று வீட்டில் மனைவியிடம் கேட்கலாமா என யோசித்தேன். இத்தனை வருஷம் கழித்துத் துணிந்து கேட்கக்கூடிய கேள்வியாக அது படவில்லை.