கிளிப்பு போட்ட பெல்ட்டு

நக்கலா பாக்காதே செங்கேணி. துணியும் இல்ல, நூலும் இல்ல, சும்மாத்தான் மிஷின மிதிச்சிக்கினு கீறேன். பைத்தியம்லாம் புடிக்கல. உன் சட்டய இன்னும் வெட்டல... அத்த அப்பறம் பேசிக்கலாம், குந்து.

கேக்குதா? தடுப்புக்கு அந்தாண்ட ஓதறாரு பாரு, கொட ரிப்பேரு தஸ்தகீர் பாய். அவருக்காகத்தான் இந்த மிதி.

அவர ஹாபிஸ்னு சொல்லுவாங்க. எனக்கு ஆபீசுன்னுதான் காதுல வுழுந்துச்சி. எந்த ஆபீசு பாய், தாலுக்காவா, பி.டி.ஓ. ஆபீசான்னு கேட்டுட்டேன். மனுசன் சிரிக்கல. குரான் மொத்தமும் மனப்பாடமா வெச்சிருக்கறவங்களுக்கு அந்தப் பேராம். மொத்தமும்பா. எனக்கு வூட்டுல உண்ணாமலை சொல்லி அனுப்புற மளிகையே கடைக்குப் போறதுக்குள்ள பாதி பூடுது. அதுக்கு அவகிட்ட வாங்கிக் கட்டிக்கிறது வேற.

ஆனா அதுல ஒரு பேஜாரு கீது. ஒருவாட்டி மனப்பாடம் பண்ணிட்டா முடிஞ்சிதுன்னு கெடையாதாம். தெனம் ஓதிக்கினே இருக்கணும், வுட்டா பூடுமாம். கம்பி நிமித்திக்கினே ஓதுவாரு, துணி மாட்டிக்கினே ஓதுவாரு. வருசக்கணக்கா நான் இந்தாண்ட மிதிக்கிறேன், அவரு அந்தாண்ட ஓதறாரு. எனக்கு ஒரு வார்த்த அர்த்தம் தெரியாது. ஆனா அவரு சொந்தக்காரங்க கல்யாணத்துக்குன்னு வேலூரு போனப்ப என் தையலு கோணிக்கினு போச்சி. ஏன்னு யோசிச்சி யோசிச்சி பாத்தேன், புரியல. போவட்டும்.

இன்னா சொல்ல வந்தேன்... ஆங், பெல்ட்டு. மிஷின் பெல்ட்டு அறுந்து ரொம்ப வருசமா கிளிப்பு போட்டு ஓட்டிக்கினு இருந்தேன். ஒவ்வொரு சுத்துக்கும் டக்குன்னு அடிக்கும். ரம்ஜான் நோம்பு வருது, அந்த மாசம் பூரா ராத்தொழுகையில பாய்தான் முன்னால நின்னு பாக்காம ஓதணும், நம்ம சத்தம் அவருக்கு எதுக்கு தொந்தரவுன்னு காஞ்சிபுரம் போயி புது பெல்ட்டு வாங்கியாந்து மாட்டினேன். கேட்டாரா? கேக்கவே இல்ல. நானா போயி நல்லது பண்ணேன்.

மறுநாளு ஓதிக்கினே வந்தவரு ஒரு எடத்துல நின்னுட்டாரு. திரும்ப ஆரம்பிச்சாரு, அதே எடத்துல நின்னுட்டாரு. அது ஏமாத்துற எடமாம். ஒரே மாதிரி வரி ரெண்டு அத்தியாயத்துல வருதாம், முடியறது மட்டும் வேற வேற. தப்பா திரும்பினா காஞ்சிபுரத்துக்கு ஏறினவன் சாலவாக்கத்துல எறங்கின கத. பள்ளிவாசல்ல பின்னால நிக்கறவங்க எடுத்துக் குடுப்பாங்கதான். ஆனா விசயம் கமிட்டிக்காரங்க காதுக்குப் போயி, பாய் தடுமாறினா நிறுத்திக்கலாம்னு வேலூர்ல ஒரு சின்ன வயசு ஆள பேசி வெச்சிட்டாங்க. பாய்க்கு மறந்துபோச்சின்னு பேரு வந்துட்டா அந்த மனுசன் தாங்கமாட்டாரு. இப்பவே சோறு எறங்கல.

இங்கதான் வந்து நின்னாரு. "வார்த்த போவல வேதகிரி. அது வர்ற வழியில உன் டக்கு நின்னுக்கினு இருந்துச்சி. அத்த காணோம், வழி தெரியல" ன்னாரு.

அப்பறம் இன்னா பண்றது. குப்பையில தேடி பழைய பெல்ட்ட எடுத்து மாட்டினேன். ஓதறாரு. ஆனா பள்ளிவாசல்ல மிஷின கொண்டும்போயி போட முடியுமா? அதான், தெனம் கொஞ்சம் கொஞ்சமா மெதுவா மிதிக்கறேன், அவருக்கே தெரியாமெ. சுத்தமா நிறுத்தினா தடுமாறுறாரு, திரும்ப மிதிக்கறேன். நாளான்னிக்கி பொற பாத்துட்டா நோம்பு ஆரம்பம். எந்த சாமிக்குய்யா வேண்டுதலு, வெறும் மிஷின மிதிக்கறன்னு உண்ணாமலை கேக்கறா.

இரு. அந்த எடம் வரப்போவுது. வேகமா வந்து கொஞ்சம் இழுப்பாரு...

என் காலு எப்ப நின்னுச்சி செங்கேணி? பேசிக்கினே வுட்டுட்டனா? நீயாவது சொல்லக் கூடாது? இல்ல, வாணாம்... இப்ப மிதிச்சா தெரிஞ்சிடும். சும்மா இரு.

...

தாண்டிட்டாரு.

இன்னா முழிக்கறே, தாண்டிட்டாருப்பா. டக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல, போயிக்கினே கீறாரு. இனிமே நம்ம மிஷின் அவருக்கு வாணாம்.

சட்டயா? நாளைக்கி வா. அவரு முடிக்கிற வரைக்கும் இன்னிக்கி நான் மிஷின தொடமாட்டேன்.